ஒரு விரல் காற்று

பல் டாக்டரின் பழைய கம்ப்யூட்டரை மூடியிருந்த அக்ரிலிக் பெட்டிக்குள் முதன்முதலாக மழை பெய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு. பதினேழு நிமிடம் பெய்தது. இருமல் மருந்துக்கு வரும் சின்ன மூடியால் அளந்தால் முக்கால் மூடி. முதலில் பார்த்தவர் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்த ஒரு பள்ளி ஆசிரியர். அவரால் கையை நீட்டிக் காட்ட மட்டுமே முடிந்தது. டாக்டர், "கையை ஆட்டாதீங்க, வாயை மூடாதீங்க" என்று சொல்லி, கடைவாய்ப் பல்லை அடைத்து முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். நல்ல மழை. பெட்டியின் மேல்தட்டுக்குக் கீழே எங்கிருந்தோ தொடங்கி நான்கு பக்கமும் சீராக இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் மேல் ஒரு சொட்டு விழவில்லை. அதற்கு மேலே வட்டமாக ஓர் இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. பழைய பொருள் சேகரிக்கிறவர்களுக்கு ஈரம் என்றாலே உயிர் போய்விடும். டாக்டர் அலறவில்லை. பெட்டியின் அடிவிளிம்பைக் கொஞ்சம் தூக்கி, நோயாளிகளின் எச்சிலை உறிஞ்சும் குழாயை உள்ளே விட்டு, மழைநீர் முழுவதையும் உறிஞ்சி எடுத்தார். பிறகு ஜன்னலைத் திறந்து எதிர்ப்பக்கத்துப் பட்டறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

எதிர்ப்பக்கத்துப் பட்டறை பெட்டிக்காரியுடையது. தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்; அவளும் தொலைபேசியை எடுத்தால் "பெட்டிக்காரி பேசறேன்" என்றுதான் தொடங்குவாள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை, பரிசுக் கேடயம், ஓட்டுப்பெட்டி என்று அக்ரிலிக்கில் கிடைத்ததையெல்லாம் செய்துகொண்டிருந்தவளைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பியது டாக்டர்தான். சேகரிப்பவர்கள் லேசான ஆட்கள் இல்லை. வெயில் பட்டால் வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும் என்பார்கள், தூசி விசைகளுக்கு இடையில் போய்விடும் என்பார்கள், எல்லாவற்றையும்விட மோசமானது வீட்டுக்கு வரும் உறவினர்களின் விரல் என்பார்கள். இத்தனைக்கும் பெட்டிக்காரி ஈடுகொடுத்தாள். தகட்டை வெட்டி, விளிம்பை ரசம் போட்டதுபோல் மெருகேற்றி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, ஊசியால் ஒட்டுத் திரவத்தை இடுக்கில் விடுவாள். அது தானாக ஓடிப்போய் இரண்டு தகட்டையும் ஒன்றாக்கும். ஒட்டிய இடம் எது என்று அவளுக்கே அப்புறம் தெரியாது. ஒரு குமிழி நின்றுவிட்டால் முழுப் பெட்டியையும் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவாள். அவள் செய்த பெட்டியைத் தூரத்திலிருந்து பார்த்தால் பெட்டி இருப்பதே தெரியாது. கிட்டே போய் மூக்கை இடித்துக்கொண்டவர்கள் அந்த ஊரில் ஒன்பது பேர். இப்படி ஒரு வேலைக்காரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

அப்படிப்பட்டவளின் பெட்டி டாக்டரிடம் மட்டும் நான்கு பக்கமும் ஒரு விரல் பெரிதாகப் போயிருந்தது. தப்பு அவளுடையது அல்ல. கம்ப்யூட்டரை அளந்து கொடுத்தது டாக்டர். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில், எஃகு அளவுகோலை வைத்து அவசரமாக அளந்தவர், அதன் மேலிருந்த தடித்த ரெக்ஸின் உறையைக் கழற்ற மறந்துவிட்டார். உறைக்குச் சட்டை தைத்ததுபோல் ஆகிவிட்டது. பெட்டியை மாட்டும்போது நாலு பக்கமும் தொளதொளவென்று இடைவெளி தெரிய, பெட்டிக்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. திருப்பி எடுத்துப்போய்ச் சரிசெய்கிறேன் என்றாள். "விடுங்க, கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டும்" என்றார் டாக்டர். அவர் சமாதானத்துக்குச் சொன்ன வார்த்தை அப்படியே பலித்துப்போயிற்று. அந்த ஒரு விரல் காற்றில்தான் மழை பெய்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்தக் கம்ப்யூட்டர் ஒரு பஸ் டிப்போவில் பதினான்கு வருடம் முன்பதிவுக்கு இருந்தது. தகரக் கூரை, மழை வந்தால் வெளியே நிற்பதும் உள்ளே நிற்பதும் ஒன்றுதான். அங்கே வேலை பார்த்த குமாஸ்தா ஓய்வுபெற்று நகரத்தின் மறுகோடியில் இருந்தார். பெட்டிக்காரியும் டாக்டரும் தேடிப்போய்க் கேட்டபோது அவர் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: மழைக்காலம் முழுவதும் இடதுகையால் கம்ப்யூட்டருக்குக் குடை பிடித்துக்கொண்டு, வலதுகை ஒரு விரலால் டிக்கெட் போடுவாராம். தலைக்குக் குடை கிடையாதா என்று டாக்டர் கேட்டார். "நான் நனைஞ்சா துடைச்சுக்கலாம் சார், அது நனைஞ்சா யாரும் ஊர் போய்ச் சேர முடியாது" என்றார் குமாஸ்தா. திரும்பி வந்ததும் பெட்டிக்காரி அந்தப் பெட்டியின் அடித்தட்டில் ஒரு சின்ன வடிகால் வெட்டி, மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, டாக்டரின் பூந்தொட்டிக்குக் கொண்டுபோய் விட்டாள். அந்தச் செடி இன்றைக்கும் தண்ணீர் ஊற்றாமலே நன்றாக இருக்கிறது.

அதற்குப் பிறகு விஷயம் எளிதாகிவிட்டது. கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலாபக்கமும் ஒரு விரல் இடம் விட்டால், அது முன்பு வேலை பார்த்த அறையின் காற்றும் வெப்பமும் அந்த இடத்துக்கு வந்து குடியேறும். இறுக்கமாகச் செய்தால் ஒன்றும் வராது. திறந்தால் கலைந்துவிடும், மூடி வைத்தால் மறுநாள் தன் நேரத்துக்கு ஒழுங்காக வந்துவிடும். லாரி கம்பெனி ஒன்றிலிருந்து வந்த இயந்திரத்துக்குள் தினமும் பதினொரு மணிக்கு சிகரெட் புகை எழுந்தது. பெண்கள் கல்லூரியிலிருந்து வந்ததைச் சுற்றி, ஷூவை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்த முப்பது பேரின் சாக்ஸ் நாற்றம் அடித்தது. வாங்கியவர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு இறுக்கமான பெட்டிக்கு மாற்றிக்கொண்டார். நூலகத்திலிருந்து வந்த ஒன்றின் பக்கத்தில் நின்று யாராலும் சத்தமாகப் பேச முடியவில்லை, குரல் தானாக இறங்கியது. அதை வாங்கிய புதுமணத் தம்பதிக்கு அது மிகவும் உபயோகப்பட்டதாகக் கேள்வி. அளவெடுக்கப் போகும்போது பெட்டிக்காரி கேட்கும் முதல் கேள்வி, "காத்து வேணுமா, வேண்டாமா?" என்பதாக ஆனது. வேறு ஊர்களிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது. சேகரிப்பவர்களில் பத்தில் ஏழு பேர் காற்று வேண்டும் என்றார்கள்.

பட்டறைக்கு மேல்மாடியில் பெட்டிக்காரியின் அம்மா இருந்தாள். எழுபது தாண்டியவள், இடதுகைப் பழக்கக்காரி, இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கி மடங்கிப்போனவள். அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை கிடையாது. சண்டை போடுமளவுக்குப் பேச்சே இல்லை. மாத்திரை போட்டாச்சா, கரண்ட் வந்துடுச்சா, கீழே யாரோ கூப்பிடறாங்க. இவ்வளவுதான் ஒருநாளுக்கு. அம்மா குடிநீர் வாரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவள். அந்தக் காலத்தில் அது பெரிய உத்தியோகம், ஏசி அறை வேறு. "உங்கம்மாவுக்கென்ன, குளுகுளுன்னு உக்காந்து சம்பளம் வாங்கறா" என்று உறவுக்காரர்கள் பொருமுவார்கள். மகளுக்கு ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை, பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போக ஆளில்லை. அலுவலகத்துக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். எதிரே இருந்த எழுதுபொருள் கடையின் படிக்கட்டில் மூன்று ஐம்பதுக்கு வந்து உட்கார்ந்தால் அம்மா ஆறு மணிக்குத்தான் இறங்கி வருவாள். முதல் நாள் அம்மா கைகாட்டிச் சொல்லியிருந்தாள்: "அதோ மூணாவது மாடி, ரெண்டாவது ஜன்னல், அதுதான் நம்மளோடது." பெண் ஆறு வருடம் அந்த ஜன்னலையே பார்த்தாள். அது எப்போதும் வெள்ளையாக மங்கிக் கிடந்தது. ஒருநாள்கூட ஒரு முகம் அங்கே வந்து நின்றதில்லை. ஒன்பதாவது வயதில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்: உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது, அம்மாவுக்கு என் ஞாபகம் இல்லை. அந்த முடிவை அவள் யாரிடமும் சொல்லவில்லை, மாற்றிக்கொள்ளவும் இல்லை. அதனால்தான் பார்வைக்குத் தடையில்லாத பெட்டிகள் செய்யப் போனாள் என்று தெருவில் சொல்பவர்கள் உண்டு. அவளைக் கேட்டால், வேறு வேலை கிடைக்கவில்லை என்பாள்.

குடிநீர் வாரியத்தின் பழைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது டாக்டர் போய் ஓர் இயந்திரத்தை எடுத்துவந்தார். குண்டு வயிற்றுத் திரை, பச்சை எழுத்து, பாலேடு நிறம், பக்கவாட்டில் பெயிண்டால் எழுதிய நம்பர். இரண்டு வாரத்தில் சேகரிப்பவர்கள் சங்கத்தின் கண்காட்சி. அதில் இதை வைத்து எல்லோர் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. "இதுக்குக் காத்து கட்டாயம் வேணும்" என்றார், கேட்பதற்கு முன்பே. வண்டியிலிருந்து இறக்கும்போது மேல்மாடி ஜன்னலிலிருந்து அம்மா பார்த்தாள்.

"அது என்னோடது" என்றாள் மேலிருந்தே. "என்டர் பட்டன்ல சிவப்பு நகப்பாலீஷ் வெச்சிருப்பேன் பாரு. கண்ணு போகப் போக அது இல்லாம முடியல."

பார்த்தார்கள். விசைப்பலகையின் வலது ஓரத்தில் பாதி உதிர்ந்த சிவப்புப் புள்ளி ஒன்று இருந்தது. டாக்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பெட்டிக்காரி அளவுநாடாவை எடுத்தாள். ஒரு விரல் இடம் விட்டு, என்றும்போல் குமிழி இல்லாமல், மூன்று நாளில் பெட்டியைச் செய்து முடித்தாள். அந்த அறையின் காற்றைப் பார்க்க அவளுக்குத் துளியும் விருப்பமில்லை என்பதை வேலையில் காட்டவில்லை. தொழில்காரி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

பெட்டியைக் கவிழ்த்த மறுநாள் காலை உள்ளே குளிர் வந்து இறங்கியது. சாதாரணக் குளிர் அல்ல. அந்தக் காலத்தில் இயந்திரம் சூடாகக் கூடாது என்பதற்காகத்தான் ஏசி, மனிதர்களுக்காக இல்லை. தகட்டில் கையை வைத்தால் மூட்டுவரை விறைத்தது. இதில் எட்டு மணிநேரம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பெட்டிக்காரி முதல்முறையாக யோசித்தாள். மேலே அம்மா மடங்கிய விரல்களால் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பது நினைவுக்கு வந்தது. கூடவே வெள்ளையாக ஒரு பொடியும் உள்ளே மிதந்தது. பில் அடிக்கும் நீளக் காகிதத்தின் ஓரத் துளைகளிலிருந்து உதிர்கிற தூள். அது உட்பக்கத் தகடுகளில் மெல்லிசாகப் படிந்தது. ஆனால் டாக்டரின் பிரச்சினை தூள் இல்லை. பட்டறையின் புழுக்கத்தில் அந்தக் குளிர்ந்த பெட்டி மேல் பனி பிடித்து, உள்ளே இருப்பது யானையா பூனையா என்றே தெரியாமல் போய்விட்டது. துடைத்தால் மூன்று நிமிடத்தில் மறுபடி மூடிக்கொண்டது.

"கண்காட்சியில பனிக்கட்டியையா வெக்கிறது?" என்றார் டாக்டர். நான்கு நாள் பார்த்தார். ஐந்தாவது நாள் வந்து வருத்தத்தோடு சொன்னார்: "இடைவெளியை அடைச்சிடுங்கம்மா. இறுக்கமாவே இருக்கட்டும்." பெட்டிக்காரிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அந்த அறை தொலைந்தது என்று எண்ணினாள். ஒரு விரல் அகலத்தில் நான்கு பட்டைகள் வெட்டி மெருகேற்றி வைத்தாள். அடைத்துவிட்டால் அந்தக் காற்று போய்விடும். பிறகு மறுபடி இடம் விட்டாலும் திரும்பி வராது. லாரி கம்பெனிப் பெட்டியில் ஒருதடவை அப்படி ஆகியிருக்கிறது.

ஊசியில் ஒட்டுத் திரவத்தை ஏற்றிக்கொண்டு, கோடு போடுவதற்காக இடப்பக்கத் தகட்டைத் துணியால் துடைத்தபோது சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்று ஐம்பது. துடைத்த இடத்துக்குள் ஏதோ அசைந்தது. உட்பக்கத்தில் படிந்திருந்த காகிதத்தூளில், உள்ளங்கை அகலத்தில், ஒரு வட்டம் விழுந்துகொண்டிருந்தது. யாரோ துடைக்கிறார்கள். கை தெரியவில்லை; தூள் விலகுவது மட்டும் தெரிந்தது. இடதுகைக்காரர் துடைப்பதுபோல் எதிர்ச்சுற்றாக, விடாமல். சாப்பாட்டு மேசையை அப்படி எதிர்ச்சுற்றாகத் துடைக்கிறவள் அந்த வீட்டில் ஒருத்திதான். வட்டம் பளிச்சென்று ஆனது. ஒரு கணம் அப்படியே நின்றது, எதையோ பார்க்கிறதுபோல். அதற்குள் வெளிப்பக்கத்துப் பனி மறுபடி ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது. மூடிய பிறகும் உள்ளே தேய்க்கிற சத்தம் கீச்கீச்சென்று கொஞ்ச நேரம் கேட்டது. பெட்டிக்காரி ஊசியை மேசைமேல் வைத்தாள். அதிலிருந்த திரவம் ஆவியாகிப் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு எதிர்மூலையில் போய் நின்றாள். மூன்று ஐம்பதுக்கு, அவள் இருந்த பக்கத்துத் தகட்டில்தான் வட்டம் விழுந்தது. அதற்கடுத்த நாள் வாசலுக்குப் போய் அங்கிருந்து எட்டிப் பார்த்தாள். வட்டம் வாசல் பக்கம் வந்திருந்தது. அன்றைக்கு அவள் தகட்டை விரலால் தடவிப் பார்த்தாள். வெளிப்பக்கம் விரல் நனைந்தது. பெட்டிக்குள் கையைவிட முடியாது, ஆனால் விட வேண்டிய அவசியமும் இல்லை; பனி எந்தப் பக்கம் பிடிக்கும் என்று சொல்லத் தெரியாமலா இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறாள்? உள்ளே குளிர், வெளியே புழுக்கம் என்றால் பனி வெளிப்பக்கம்தான் பிடிக்கும். அந்த மூன்றாவது மாடி ஜன்னலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஏசி போகாமலிருக்க எல்லா ஜன்னலையும் திருகாணி போட்டு முடுக்கியிருப்பார்கள். உள்ளே இருக்கிறவள் எவ்வளவு தேய்த்தாலும் வெளியே இருக்கிற பனி போகாது. அவளுக்கும் தெருவில் ஒன்றும் தெரிந்திருக்காது. தெருவில் இருந்தவளுக்கும் மேலே ஒன்றும் தெரிந்திருக்காது. பெட்டிக்காரி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அப்போது வயது நாற்பத்தாறு. ஒன்பது வயதில் எடுத்த முடிவு தப்பு என்று தெரிந்துகொள்ள முப்பத்தேழு வருடம் ஆகியிருந்தது. அழுதாள். பட்டறையில் ஆள் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அடுத்த நாள் மூன்றேமுக்கால் மணிக்கு அம்மாவைக் கீழே கூப்பிட்டாள். அவள் படியிறங்கவே ஐந்து நிமிடம் ஆகும். முக்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்காரவைத்து, தான் எதிர்ப்பக்கம் போய்த் துணியோடு நின்றாள். நேரம் வந்ததும் வெளிப்பக்கத்தைத் துடைத்தாள். உள்ளே வட்டம் விழத் தொடங்கியது. இங்கே இவள் துடைக்க, அங்கே அது துடைக்க, இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து, தகடு துளியும் மறைப்பில்லாமல் தெளிந்தது. அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றாள் பிறகு.

"தெரியும்மா."

"ஜன்னல் எப்பவும் மங்கலாவே இருக்கும். நீ வர நேரம் ஆச்சுன்னா எந்திரிச்சுப் போய்த் தொடைப்பேன். ஒண்ணும் தெரியாது. சூப்பர்வைசர் கேப்பாரு, பில்லு அடிக்கவா வந்தே, இல்ல ஜன்னல் தொடைக்கவான்னு."

"பனி வெளிப்பக்கம் இருந்துச்சும்மா."

"வெளிப்பக்கமா?" அம்மா எட்டி, மடங்கிய விரலால் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஈரத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அட ராமா... அப்ப ஆறு வருஷமா தப்பான பக்கத்தையா தேய்ச்சிருக்கேன்!" சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மகள் ஈரத்துணியை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? பாத்திருந்தா, பாத்தேன்னு சொல்லலாம். நான் பாக்கலயே. தொடைச்சேன், அவ்ளோதான்."

அன்று மாலை அவர்கள் எட்டு மணிவரை பேசிக்கொண்டிருந்ததாகவும், நடுவில் ஒரு கரண்ட் கட் ஆனதை இருவருமே கவனிக்கவில்லை என்றும் பக்கத்துச் சாவிக்கடைக்காரர் சொல்கிறார். வெட்டி வைத்திருந்த நான்கு பட்டைகளில் பெட்டிக்காரி பிறகு கடைக்கு ஒரு பேனா ஸ்டாண்ட் செய்தாள்.

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவும் மங்கியிருந்தது. பெட்டி அப்படியே இருக்கட்டும் என்றார். கண்காட்சியில் அதன் பக்கத்தில் ஒரு கொக்கி அடித்து, வெள்ளைத்துணி ஒன்றைத் தொங்கவிட்டார்கள். பார்க்க விரும்புகிறவர் துடைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நடுவர்கள், காட்சிப்பொருள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று எழுதிப் பரிசை நூலக இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நடுவர்கள் மூன்று மணிக்கே காபி குடிக்கப் போய்விட்டவர்கள். மூன்று ஐம்பதுக்கு அங்கே இருந்த கூட்டம் பரிசைப் பற்றிக் கவலைப்படவில்லை. வரிசையில் நின்று துணியை வாங்கித் துடைத்தார்கள், உள்ளே அந்த வட்டம் கூட்டத்தைத் தாண்டி, ஓரத்தில் நின்றிருந்த பெட்டிக்காரி பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்கள். மூன்று பேர் அங்கிருந்தே தங்கள் அம்மாவுக்குத் தொலைபேசினார்கள்.

கண்காட்சி முடிந்ததும் டாக்டர் இயந்திரத்தைப் பெட்டியோடு பெட்டிக்காரிக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அவர் மனமாரத்தான் சொன்னார். சேகரிப்பவர் ஒருவர் இப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வட்டாரத்து ஆட்களுக்குத்தான் தெரியும். பெட்டிக்காரி பதில் சொல்வதற்குள் மாடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "வீட்டுக்குள்ள அது எதுக்கு? நான்தான் இருக்கேனே!" அதனால் அது எதிர்ப்பக்கம், முதல் மாடியில், டாக்டரின் காத்திருப்பு அறைக்குப் போயிற்று. அம்மா அதற்குப் பிறகு தினமும் மூன்றேமுக்காலுக்குக் கீழே இறங்கி வந்து பட்டறையில் உட்கார ஆரம்பித்தாள். வந்து என்ன செய்வாள் என்றால், வேலை செய்கிற மகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதில் தப்புக் கண்டுபிடிக்கவும் செய்வாள். பதினோரு வருடம் இப்படிப் பார்த்தாள். ஆறு வருடத்துப் பாக்கியைத் தீர்த்து, மேற்கொண்டு ஐந்து வருடம் சேர்த்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் மதியம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள்.

துக்கம் கேட்க வந்த டாக்டர், இப்போதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பெட்டிக்காரி வேண்டாம் என்றாள். "நடுவுல ஒரு தெரு இருக்கறதுதான் டாக்டர் அதுக்குப் பழக்கம்" என்றாள். அம்மா போனாலும் பெட்டிக்குள் குளிர் குறையவில்லை, நேரம் தவறவில்லை. டாக்டரின் நோயாளிகளுக்கு அது பழகிவிட்டது. பெட்டிக்காரியைத் தேடி வந்து பட்டறை பூட்டியிருப்பதைப் பார்ப்பவர்கள், மாடியேறி வந்து, வட்டம் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போவார்கள். ரயில் நிலையம் பக்கம் என்றால் தகடு எடுக்கப் போயிருக்கிறாள். ஆற்றுப் பக்கம் என்றால் டிப்போ குமாஸ்தாவைப் பார்க்கப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள், உட்காருங்கள். ஒருமுறை அவள் ஓர் ஆர்டருக்காக விமானத்தில் போனபோது வட்டம் மேல்தட்டில் விழுந்தது. வரவேற்பில் இருக்கும் அம்மாள் அதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறாள்.

மற்ற நாட்களில் அது தெருப்பக்கம்தான் விழும். மூன்று ஐம்பது ஆவதற்குச் சற்றுமுன் பெட்டிக்காரி கையைக் கழுவிக்கொண்டு, தேநீர்த் தம்ளரோடு பட்டறை வாசல் படியில் வந்து உட்காருவாள். காத்திருப்பு அறையில் எத்தனை பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், வரவேற்பு அம்மாள் எழுந்து கொக்கியிலிருக்கும் துணியை எடுப்பாள். முதலில் பெட்டியின் வெளிப்பக்கத்தைத் துடைப்பாள். பிறகு அறையின் ஜன்னலிடம் போவாள். அங்கேயும் ஏசி உண்டு, அங்கேயும் பனி வெளிப்பக்கம்தான். ஆனால் அந்த ஜன்னலில் திருகாணி கிடையாது. அதை அகலத் திறந்து வைத்துவிட்டு, அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடுவாள்.